நாலுவழிச் சாலையில் நிற்கிற குதிரை: நெல்லைச் சீமையில் கைவிடப்பட்ட கால்நடையை மீட்கப் போகிறவருக்கு

நாங்குநேரிக்குத் தெற்கே, நாலுவழிச் சாலை ஓரத்தில் ஒரு பெண் குதிரையைப் பார்த்தேன். விலா எலும்பை எண்ணிவிடலாம். முன்னங்காலில் புண், புண்ணில் ஈ. மூன்றாம் நாளும் அதே இடத்தில் நின்றது. நான்காம் நாள் ஒரு குட்டியானை வண்டியைப் பிடித்து, நாலு பேரைச் சேர்த்து, தோட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். அன்று ராத்திரியே ஊறவைத்த காணம் (கொள்ளு) ஒரு படி வைத்தேன். குதிரை என்றால் காணம் என்றுதானே நமக்குத் தெரியும்? விடிகாலையில் அது தரையில் புரண்டுகொண்டிருந்தது. அடுத்த வாரம் ஒருவர் வாசலில் வந்து நின்று, "எங் குதிரைய ராவோடு ராவா தூக்கிட்டு வந்துட்டீரே அண்ணாச்சி" என்றார்.

குதிரை பிழைத்துக்கொண்டது. நானும் ஒருவழியாகத் தப்பித்தேன். ஆனால் நான் செய்த வரிசை முழுக்கத் தப்பு. அதற்குப் பிறகு மூன்று மாடு, ஒரு கழுதை, கணக்கில்லாத ஆடுகள் என்று கைக்கு வந்தன. ஒவ்வொன்றும் ஒரு பாடம். எந்த வேலையை எதற்கு முன்னால் செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இது மருத்துவரின் இடத்தைப் பிடிக்காது; அவர் வரும்வரை தப்பு செய்யாமல் இருக்க உதவும்.

1. கயிறு போடும் முன்: அது நிஜமாகவே கைவிடப்பட்டதா?

நம் பக்கம் தனியாக நிற்கிற மாடெல்லாம் அநாதை மாடு இல்லை. பிசான நெல் அறுத்த வயலில் மாட்டை அவிழ்த்துவிடுவது வழக்கம். ஊர் ஊராக ஆட்டுக்கிடை போடுகிற கீதாரிகள் கிடையை மாற்றும்போது ஒன்றிரண்டு ஆடு பின்தங்கும், மறுநாள் தேடி வருவார்கள். கோயிலுக்கு நேர்ந்துவிட்ட காளை ஊரெல்லாம் மேயும். அதை வண்டியில் ஏற்றினால் ஊரே திரண்டு வரும், நியாயமும் அவர்கள் பக்கம்தான் இருக்கும். குதிரைக்காரர்கள் முன்னங்கால் இரண்டையும் தளை போட்டு மேய விடுவதுண்டு. பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் சாயங்காலம் ஆள் வருவார்.

உயிருக்கு உடனடி ஆபத்து இல்லையென்றால் இரண்டு நாள், காலை ஒரு தடவை மாலை ஒரு தடவை போய்ப் பாருங்கள். பக்கத்து டீக்கடை, பஞ்சர் கடை, ஆடு மேய்க்கிறவர் மூவரிடமும் கேளுங்கள். தகவல் பெரும்பாலும் டீக்கடையில் கிடைத்துவிடும். ஒவ்வொரு தடவையும் நாளும் நேரமும் பதிகிற மாதிரி போட்டோ எடுங்கள்: இரண்டு பக்கவாட்டு, பின்பக்கம், குளம்பு, புண், கழுத்து. சூட்டுக் குறி, லாடம், கழுத்துக் கயிறு எது இருந்தாலும் தனியாக ஒரு படம். பின்னால் வழக்கு, தகராறு என்று வந்தால் முதலில் கேட்பது இந்தப் படங்களைத்தான்.

மாடு, எருமை என்றால் காதைப் பாருங்கள். மஞ்சள் காதுவில்லையில் 12 இலக்க எண் இருக்கும். கால்நடை மருந்தகத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று அவர்களால் பார்க்க முடியும். காதில் கிழிந்த ஓட்டை மட்டும் இருந்தால், யாரோ வில்லையைப் பிய்த்துவிட்டுத்தான் விரட்டியிருக்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

இன்னொன்று, இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல், காரணமில்லாமல் கத்திக்கொண்டோ முட்ட வந்துகொண்டோ இருக்கிற எந்த மிருகத்தின் வாயிலும் கை வைக்காதீர்கள். தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது என்று நினைத்துக் கையை விட்டவர்கள் உண்டு. வெறிநோய் நாய்க்கு மட்டும் வருவதில்லை. மாட்டுக்கும் குதிரைக்கும் ஆட்டுக்கும் வரும். கையில் கீறல் இருந்து எச்சில் பட்டிருந்தால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தடுப்பூசி அங்கே இலவசம்.

2. யாரைக் கூப்பிடுவது

கால்நடை அவசர ஊர்திக்கு 1962. இடத்துக்கே மருத்துவரோடு வந்து பார்ப்பார்கள். அவர்கள் வேலை சிகிச்சை. மிருகத்தைக் கொண்டுபோய் வைத்து வளர்ப்பார்கள் என்று நினைத்துக் கூப்பிட்டால் ஏமாற்றம்தான். போன் செய்யும்போது ஊர்ப் பெயரோடு மைல்கல் எண், பக்கத்துப் பெட்ரோல் பங்க், பாலம் என்று அடையாளம் சொல்லுங்கள். 'நாங்குநேரி பக்கத்துல' என்றால் அவர்கள் எங்கே தேடுவார்கள்?

நாலுவழிச் சாலையில் மிருகம் அடிபட்டுக் கிடந்தால் 1962-ஐ விட முதலில் 1033. நெடுஞ்சாலை உதவி எண் அது. வண்டிகளை ஒதுக்கிவிடவாவது ஆள் வேண்டும். கிணற்றில் விழுந்திருந்தால் தீயணைப்புத் துறை. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு நம் பக்கம் கொஞ்சமா? கயிறு கட்டி நீங்களே இழுக்கப் பார்க்காதீர்கள். கழுத்தில் சுருக்கு விழுந்தால் மேலே வரும்போது உயிர் இருக்காது.

எலும்பு முறிவு, வயிற்றில் பிளாஸ்டிக், கண் போன பிரச்சினை என்று பெரிய வைத்தியம் தேவைப்பட்டால் இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிதான். சங்கரன்கோவில் சாலையில் இருக்கிறது. விடிந்ததும் கிளம்பிவிடுங்கள், மத்தியானம் போய்ச் சேர்ந்தால் ஒரு நாள் வீணாகும். குதிரை என்றால் முன்னாலேயே பேசிவிட்டுப் போவது நல்லது. நம் பக்கத்து மருந்தகங்களில் தினமும் வருவது மாடும் ஆடும்தான். குதிரை பார்த்துப் பழகிய மருத்துவர் யார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

களக்காடு, பாபநாசம் பக்கம் மலையடிவாரத்தில் என்றால் வனத்துறைக்குச் சொல்லாமல் உள்ளே இறங்காதீர்கள். அது புலிகள் காப்பகம்.

3. காகிதம்: இதை முடிக்காமல் வண்டி ஏற்றாதீர்கள்

நான் கோட்டைவிட்டது இங்கேதான்.

சட்டத்தை ஒரு தடவை தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் ஸ்டேஷனில் நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960, பிரிவு 11(1): வளர்க்கிற மிருகத்துக்குத் தீனி, தண்ணீர், தங்கும் இடம் கொடுக்காதது குற்றம், பட்டினியாலோ தாகத்தாலோ வாடும்படி கைவிடுவதும் குற்றம். தண்டனை என்ன தெரியுமா? முதல் தடவை 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை அபராதம். ஒரு டீயும் வடையும். மூன்று வருடத்துக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கைவிட்டது மட்டும்தான் குற்றம் என்றால் போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாது. அதனால் 'எஃப்.ஐ.ஆர். போடுங்கள்' என்று மல்லுக்கு நிற்பதில் பயனில்லை; மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தருகிற சி.எஸ்.ஆர். ரசீதை வாங்குங்கள். அந்த ரசீதுதான் உங்கள் கவசம்.

வேண்டுமென்றே வெட்டினார்கள், விஷம் வைத்தார்கள், காலை முடமாக்கினார்கள் என்றால் கதை வேறு. பாரதிய நியாய சன்ஹிதா என்கிற புதிய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 325-இல் ஐந்து வருடம் வரை சிறை உண்டு. அதற்கு எஃப்.ஐ.ஆர். கேளுங்கள், விடாதீர்கள்.

ஒரு கெடு இருக்கிறது, நிறையப் பேருக்குத் தெரியாது: மிருகவதைச் சட்டத்தின்படி குற்றம் நடந்த மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடுத்தாக வேண்டும். 'குதிரை தேறட்டும், அப்புறம் பார்ப்போம்' என்று இருந்தால் வழக்கே இல்லாமல் போகும்.

நான் இப்போது ஒரு கோப்பில் வைத்துக்கொள்கிறவை:

போலீஸ் மனுவும் சி.எஸ்.ஆர். ரசீதும். மனுவில் மிருகத்தின் நிறம், சுழி, வயது, புண், நின்ற இடம், முதலில் பார்த்த தேதி எல்லாம் இருக்க வேண்டும். 'உரிமையாளர் தெரியவரும்வரை பராமரிப்புக்காக வைத்திருக்கிறேன்' என்று ஒரு வரி கட்டாயம்.

கிராம நிர்வாக அலுவலரிடமும் ஊராட்சியிலும் அதே மனுவின் நகல், பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தோடு.

கால்நடை மருத்துவரின் சான்று. எந்த நிலையில் வந்தது என்று எடை, உடல்நிலை மதிப்பெண், புண்கள் உட்பட எழுதித் தரச் சொல்லுங்கள். குதிரைக்கு உடல்நிலையை 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுவார்கள். 1 என்றால் எலும்புக்கூடு. என் குதிரை 2.

பஞ்சாயத்து போர்டிலோ டீக்கடையிலோ ஒட்டிய அறிவிப்பு, ஒட்டியதற்கு ஒரு போட்டோ.

இவ்வளவுக்கும் எனக்கு ஆன செலவு ஜெராக்ஸ், பெட்ரோல், இரண்டு நாள் வேலை. ஒரு ஸ்டேஷனில் மனுவை வாங்க மறுத்து, "மாட்டுக்கெல்லாம் ரசீதா?" என்று திருப்பி அனுப்பினார்கள். பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, திங்கட்கிழமை கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் ஒரு மனு போட்டேன். மாவட்டப் பிராணிகள் வதை தடுப்புச் சங்கத்துக்கு ஆட்சியர்தான் தலைவர். ஆகவே அந்த மனு தவறான வாசலுக்குப் போகவில்லை. புதன்கிழமை ஸ்டேஷனிலிருந்தே கூப்பிட்டு ரசீது கொடுத்தார்கள்.

மாநகராட்சி எல்லைக்குள் ரோட்டில் திரிகிற மாடு என்றால் நீங்கள் தொடவே வேண்டாம். பிடிப்பதும் அடைப்பதும் அபராதம் போடுவதும் அவர்கள் வேலை. தகவல் சொல்லி, நடக்கிறதா என்று பாருங்கள்.

4. வண்டியில் ஏற்றுவது

குதிரையைக் குட்டியானையில் ஏற்றாதீர்கள். நான் ஏற்றினேன், வளைவில் சாய்ந்தபோது எனக்கே உயிர் போய் வந்தது. விதிப்படி வண்டியில் குதிரைக்கு 2.25 சதுர மீட்டரும் மாட்டுக்கு 2 சதுர மீட்டரும் இடம் வேண்டும். பக்கவாட்டு அடைப்பு உயரமாக இருக்கிற பிக்கப்போ சின்ன லாரியோ பிடியுங்கள்.

சாய்வுப் பலகை கிடைக்காது. வாய்க்கால் கரை, மணல் மேடு, சாலையோரச் சரிவு ஏதாவது ஒன்றில் வண்டியின் பின்பக்கத்தை ஒட்டி நிறுத்துங்கள். தரையும் வண்டியும் ஒரே மட்டமானால் பாதி வேலை முடிந்தது. வண்டித் தளத்தில் நாலு விரல் கனத்துக்கு மணலோ தென்னை நார்க் கழிவோ பரப்புங்கள். இரும்புத் தகட்டில் குளம்பு வழுக்கும். தலைக்கயிற்றை ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சாகக் கட்டுங்கள். பின்னால் நின்று தட்டாதீர்கள், குச்சி எடுக்காதீர்கள், வாலை முறுக்காதீர்கள். பச்சைப் புல்லைக் காட்டிக்கொண்டு முன்னால் ஒருவர் நடந்தால், கால் மணி நேரமானாலும் தானே ஏறும். எனக்கு நாற்பது நிமிடம் ஆனது. டிரைவர் வெயிட்டிங் கேட்டார். கொடுத்துவிட்டேன்.

படுத்துவிட்ட மாட்டைக் காலில் கயிறு கட்டி இழுக்காதீர்கள். தார்ப்பாயை அடியில் நுழைத்து ஆறு பேராகத் தூக்குங்கள், இல்லையென்றால் பழைய கதவுப் பலகை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். வெயில் நேரத்தில் கிளம்பாதீர்கள். விடிகாலை அல்லது மாலை ஐந்துக்கு மேல்.

மருத்துவரின் 'பயணத்துக்குத் தகுதி' சான்றும் சி.எஸ்.ஆர். நகலும் டிரைவர் கையில் இருக்கட்டும். அடிமாடு ஏற்றிப் போகிறார்கள் என்று வழியில் மறித்தால் அந்த இரண்டு தாளும்தான் பேசும்.

5. தனியாக வையுங்கள், முழுதாக நாலு வாரம்

ஏற்கெனவே வீட்டில் மாடு, ஆடு இருந்தால் அதே தொழுவில் கொண்டுபோய்க் கட்டாதீர்கள். தனி இடம், தனித் தண்ணீர்த் தொட்டி, தனி வாளி, தனிக் கயிறு. புதிதாக வந்ததைக் கடைசியாகக் கவனியுங்கள். பிறகு கை கால் கழுவிவிட்டு வீட்டுக்குள் போங்கள். மாட்டுக்குக் கோமாரி, ஆட்டுக்கு ஆட்டுக்கொல்லி எல்லாம் இப்படித்தான் வீட்டுக்குள் நுழைகின்றன.

குதிரை, கழுதையில் கிளாண்டர்ஸ் என்று ஒரு நோய் உண்டு. மூக்கில் மஞ்சளாகப் பிசுபிசுவென்று ஒழுகும், காலிலும் வயிற்றிலும் கட்டிகள் வரிசையாக எழும்பி உடையும். மனிதருக்கும் தொற்றும், உயிரைக் கொல்லும். சட்டப்படி அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய். உறுதியானால் மிருகத்தைக் கொன்றுவிடுவதுதான் விதி. அறிகுறி இல்லாவிட்டாலும் முதல் வாரத்திலேயே ரத்தம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மாதிரி ஹரியானாவில் ஹிசார் தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் வரை போகலாம், முடிவு வர நாளாகும். அதுவரை கையுறையும் முகக்கவசமும் போடுங்கள், பிள்ளைகளைக் குதிரைப் பக்கம் விடாதீர்கள், குதிரையை வேறு ஊருக்கு மாற்றாதீர்கள். காய்ச்சல் விட்டு விட்டு வந்து குதிரை இளைத்துக்கொண்டே போனால் சர்ரா என்ற ரத்த ஒட்டுண்ணி நோயும் இருக்கலாம்; கடிக்கிற மாட்டு ஈக்கள் பரப்புவது. அதே ரத்தத்தில் அதையும் பார்க்கச் சொல்லலாம்.

6. முதல் பத்து நாள் தீனி

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

வாரக்கணக்கில் பட்டினி கிடந்த உடம்பு, தன் சதையையே எரித்து ஓடிக்கொண்டிருக்கும். அதற்குத் திடீரென்று மாவுச்சத்து கொடுத்தால் இன்சுலின் எகிறும். ரத்தத்தில் மிச்சமிருக்கிற பாஸ்பரஸ், மக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் செல்லுக்குள் ஓடிவிடும். இதயமும் மூச்சும் தடுமாறும். சாப்பாடு கிடைத்த மூன்று முதல் ஐந்து நாளில் சாவு. பட்டினியில் சாகாதது சாப்பிட்டுச் சாகும். காணம், சோளம், தவிடு, சோறு, வெல்லம், வாழைப்பழம், பிஸ்கட் எதுவும் கூடாது. வருகிறவர்கள் எல்லாம் கையில் எதையாவது கொண்டுவந்து ஊட்டுவார்கள். தொழுவில் ஓர் அட்டை எழுதித் தொங்கவிடுங்கள். எங்கள் வீட்டில் எழுதியது: 'இங்கே யாரும் புண்ணியம் தேட வேண்டாம்.'

குதிரைக்கு வாந்தி வராது. வயிற்றில் போனது கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். அதனால்தான் தப்பான தீனி கோலிக் என்கிற வயிற்றுவலியில் போய் நிற்கிறது. முன்காலால் தரையைக் கீறுவது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, படுத்துப் புரள்வது, லத்தி போடாதது: இதில் இரண்டு சேர்ந்தாலே மருத்துவரைக் கூப்பிடுங்கள். தீனியை எடுத்துவிடுங்கள். கசாயம், எண்ணெய் என்று வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் கொடுப்பார்.

அப்படியானால் எதைத்தான் கொடுப்பது? குதிரைமசால் என்கிற தீவனப் பயிர். பெயரிலேயே குதிரை இருக்கிறது. புரதம் அதிகம், மாவுச்சத்து குறைவு, தேவையான உப்புகளும் உண்டு. அளவு குதிரையின் எடையைப் பொறுத்தது. தராசு நம்மிடம் இல்லை. தையல்காரர் நாடா போதும். முன்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள்பட்டை முனையிலிருந்து பிட்ட முனை வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ. சுற்றளவு 140, நீளம் 130 என்றால் சுமார் 214 கிலோ.

நம் பக்கத்து மட்டக் குதிரை 250 கிலோ என்று வைத்துக்கொண்டால் எனக்குச் சொல்லித் தந்த அட்டவணை இது. முதல் மூன்று நாள் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியும் சேர்த்து, காய்ந்த குதிரைமசால் கால் கிலோ. பச்சையாகக் கிடைத்தால் அதில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான். ஆகவே ஒன்றேகால் கிலோ. நாலாம் நாளிலிருந்து அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, தடவையைக் குறைத்து, ஆறாம் நாள் எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை காய்ந்தது ஒரு கிலோ. பத்தாம் நாளுக்கு மேல் வேண்டிய அளவு. உங்கள் மருத்துவர் வேறு கணக்குச் சொன்னால் அவர் கணக்கே சரி.

ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, டார்ச்சோடு போய்க் கால் கிலோ புல் போடுவது முதல் நாள் சேவை மாதிரி இருக்கும். மூன்றாம் நாள் கோபம் வரும். வீட்டில் இரண்டு பேர் முறை வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் எப்போதும் சுத்தமாக இருக்க வேண்டும். ரொம்ப வறண்டு வந்த குதிரைக்கு முதலில் அரை வாளி, கால் மணி நேரம் விட்டு அடுத்த அரை வாளி. பிறகு தடையில்லை, நம் வெயிலில் ஒரு நாளைக்கு 15 முதல் 25 லிட்டர் குடிக்கும். தாது உப்புக் கட்டி ஒன்றைத் தொங்கவிடுங்கள்.

பத்து நாள் தாண்டியபின் ஒரு நாளைக்கு எடையில் 2 சதவீதம் உலர்தீனி என்பது கணக்கு: 250 கிலோவுக்கு 5 கிலோ. பச்சைப் புல்லாக என்றால் 25 கிலோ வரும். கடலைக்கொடி நல்லது, மண்ணை உதறிவிட்டுப் போடுங்கள். வைக்கோல் மட்டுமே போட்டு வளர்க்காதீர்கள். தவிட்டை மட்டும் நம்பினால் சுண்ணாம்புச் சத்து குறைந்து எலும்பு கெடும். பூசணம் பிடித்த எதையும் குதிரைக்குக் காட்டாதீர்கள். மாடு தாங்குவதைக் குதிரை தாங்காது. காணம் இரண்டு மாதம் கழித்து, ஊறவைத்து வேகவைத்து, ஒரு கைப்பிடியில் தொடங்கலாம்.

புல்லை மென்று உருண்டை உருண்டையாகக் கீழே துப்பினால் பல்லில் கோளாறு. குதிரைப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். ஓரம் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கும். அதை ராவி விடாமல் எவ்வளவு தீனி போட்டாலும் உடம்பில் ஒட்டாது.

உடம்பு முழுதாகத் தேற மூன்றிலிருந்து ஐந்து மாதம். ஒரு மாதத்தில் பளபளக்கவில்லையே என்று தீனியை ஏற்றாதீர்கள்.

7. ஊசி, புண், குளம்பு

குதிரைக்கு டெட்டனஸ் சட்டென்று வரும். சின்ன ஆணிக் குத்துப் போதும். முதல் நாளே டெட்டனஸ் ஊசி பற்றிக் கேளுங்கள். குடற்புழு மருந்தை முதல் நாளே ஊற்றாதீர்கள். எலும்பும் தோலுமாக இருக்கிற உடம்பில் புழுக்கள் கும்பலாகச் செத்தால் குடல் அடைக்கும். லத்தியைச் சோதித்து மருத்துவர் நாள் சொல்வார்.

புழு வைத்த புண்ணுக்கு மருத்துவர் வரத் தாமதமானால், கற்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெயோ சீத்தா இலை அரைத்த விழுதோ வைத்தால் புழு வெளியே வரும். மருத்துவர்களே சொல்கிற முறைதான். மண்ணெண்ணெயும் பினாயிலும் வேண்டாம். வலிக்கிறதே என்று மெடிக்கலில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போடுவதும் வேண்டாம். பிணந்தின்னிக் கழுகுகளைக் கொல்கிறது என்று 2006-லேயே கால்நடைகளுக்குத் தடை செய்த மருந்து அது.

குளம்பை ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒரு தடவை சீவ வேண்டும். நம் பக்கம் லாடக்காரர் கிடைப்பது குதிரை கிடைப்பதை விடக் கஷ்டம். பந்தயக் குதிரை வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள். தூத்துக்குடி மாவட்டத்துப் பக்கம் குதிரை வண்டிப் பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கு ஆள் தெரியும். மாட்டுக்கு லாடம் அடிக்கிறவரைக் கொண்டு குதிரைக் குளம்பைச் சீவாதீர்கள். தினமும் குளம்பைத் தூக்கி உடைமுள் இருக்கிறதா என்று பாருங்கள். நம் காட்டில் அது இல்லாத இடமில்லை.

8. மாடும் ஆடும்

கைவிடப்படுவதில் அதிகம் கறவை வற்றிய மாடும் காளங்கன்றும்தான். வயிறு உப்பி, இடப்பக்கம் கெட்டியாக, அசைபோடாமல் நிற்கிற டவுன் மாடு என்றால் உள்ளே பாலித்தீன் இருக்கும். கசாயத்தில் கரையாது. வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும், அதுவும் மாடு அறுவையைத் தாங்கும் நிலைக்கு வந்த பிறகு.

படுத்த மாட்டை மணலில் படுக்கவையுங்கள். பகலில் மூன்று, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடுங்கள். இல்லையென்றால் ஒரே பக்கமாகப் படுத்துச் சதை அழுகிவிடும். புரட்ட மூன்று பேராவது வேண்டும். தனி ஆளாக இதில் இறங்காதீர்கள்.

பிறந்த கன்று என்றால் முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால். பக்கத்தில் எந்த மாடு ஈன்றிருக்கிறது என்று விசாரித்து வாங்குங்கள். அப்புறம் ஒரு நாளைக்குக் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு பால், உடம்புச் சூட்டில், இரண்டு மூன்று தடவையாக.

ஆடுகளைக் கொல்வது கல்யாண வீட்டுச் சோறு. அரிசியோ சோறோ வயிறு நிறையத் தின்றால் வயிற்றில் புளித்து அமிலமாகி, ஒரே நாளில் விழும். தின்றது தெரிந்தால் தண்ணீரோ தீனியோ காட்டாமல் மருத்துவரிடம் ஓடுங்கள். மழை பொய்த்த வருடம் கரிசல் பக்கம் வாடி நிற்கிற இளஞ்சோளப் பயிரில் மேய விடாதீர்கள். அதில் சயனைடு விஷம் ஏறியிருக்கும்.

9. கையிலிருந்து எவ்வளவு போகும்

என் நோட்டில் இருப்பதைச் சொல்கிறேன். உங்கள் ஊரில் கூடலாம், குறையலாம். அந்தக் குதிரைக்கு வண்டி 3,000, ஏற்ற வந்தவர்களுக்கு 2,000, முதல் மாதம் மருந்து, ஊசி, மருத்துவர் போக்குவரத்து 7,500, தீனி நாளுக்கு 150 கணக்கில் 4,500, லாடக்காரர் வந்து போக 1,200. முதல் மாதம் பதினெட்டாயிரத்தைத் தொட்டது. இரண்டாம் மாதத்திலிருந்து ஆறாயிரம் சுற்றி. அரசு மருந்தகத்தில் பார்த்தால் மருந்துச் செலவு நன்றாகவே இறங்கும்.

வைக்கோலைப் பிசான அறுவடை முடிகிற மாசி, பங்குனியில் வாங்கிப் படப்பு வைத்துவிடுங்கள். கார் அறுவடை வைக்கோல் மழையில் நனைந்துவிடும். ஐப்பசியில் போய்க் கேட்டால் விலையும் கூட, பூசணமும் இலவசம்.

மழைக்கால ஏற்பாடு தனி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எச்சரிக்கை வந்தால் மேட்டுக்கு ஓட்டிப் போங்கள். முடியாவிட்டால் கயிற்றையாவது அறுத்துவிடுங்கள்.

10. பிழைக்காது என்று தெரிந்தால்

மருத்துவரும் அதையே சொன்னால் இழுத்தடிக்காதீர்கள். உரிமையாளர் இல்லாத மிருகத்தை நீங்களாக முடிவெடுத்துக் கொல்ல முடியாது. கால்நடை மருத்துவரின் சான்று, போலீஸ், நீதிபதியின் உத்தரவு என்று சட்டத்தில் வழி இருக்கிறது. செத்தபின் ஆறடிக் குழி, சுண்ணாம்பு, கிணற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும் தள்ளி. திடீரென்று செத்து மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் வந்தால் அடைப்பானாக இருக்கலாம். அறுக்காதீர்கள், தோலுரிக்க விடாதீர்கள், மருந்தகத்துக்குச் சொல்லுங்கள்.

11. உரிமையாளர் வந்தால், வராவிட்டால்

மிருகம் எலும்பாக நின்றபோது வராதவர் சதை பிடித்ததும் வருவார். சண்டை போடாதீர்கள். 'ஸ்டேஷனில் பேசிக்கொள்வோம்' என்று கோப்பை எடுங்கள். தன்னுடையது என்று அவர் நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால் கைவிட்டதும் அவர்தான் என்று ஆகும். என் வாசலுக்கு வந்தவர் மருத்துவச் சான்றையும் பில்களையும் பார்த்துவிட்டு, "இது நம்ம குதிரை மாதிரி இல்லையே" என்று கிளம்பிவிட்டார். வழக்கு நடந்தால் 2017-ஆம் வருட விதிகளின்படி மிருகத்தைக் காப்பகத்தில் வைக்கவும் பராமரிப்புச் செலவைக் குற்றம் சாட்டப்பட்டவரிடம் வாங்கவும் நீதிமன்றம் உத்தரவிடலாம். ஆகவே ஒரு பில்லையும் தூக்கி எறியாதீர்கள்.

யாரும் வராமல், நீங்களும் வைத்துக்கொள்ள முடியாவிட்டால், வேறு வீடு தேட வேண்டும். இலவசமாகக் கொடுப்பதாகச் சொன்னதும் முதலில் கூப்பிடுகிறவர் பெரும்பாலும் தரகர். அவரிடம் கொடுத்தால் மிருகம் மேலப்பாளையம் மாட்டுச் சந்தையில் அடுத்த செவ்வாய்க்கிழமை நிற்கும். நேரில் போய்த் தொழு, தண்ணீர், ஏற்கெனவே இருக்கிற மாடுகளின் உடம்பு எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கொடுங்கள். விற்கவோ கைமாற்றவோ கூடாது, முடியாவிட்டால் உங்களிடமே திருப்பித் தர வேண்டும், மாதம் ஒரு போட்டோ அனுப்ப வேண்டும் என்று முத்திரைத்தாளில் எழுதி, ஆதார் நகலோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

நாங்குநேரிக் குதிரை இப்போது கடையநல்லூர்ப் பக்கம் ஒரு தோப்பில் இருக்கிறது. மாதா மாதம் போட்டோ வரும். போன மாதம் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன்.